ரேம் நிரம்பியிருந்தால் கணினிக்கு ஆபத்தா?

கணினி கொஞ்சம் திணறினால் போதும், எந்த நிரல் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பலர் உடனே திறந்து பார்க்கிறார்கள். மெமரி, அதாவது ரேம், 72 சதவீதம் நிரம்பியிருப்பதாகக் காட்டினால் பதறிப்போகிறார்கள். கைபேசியில் ஒரு நாளைக்குப் பத்து முறை எல்லாச் செயலிகளையும் மேலே தள்ளி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ரேம் கிளீனர்’, ‘பூஸ்டர்’ என்ற பெயர்களில் வரும் மென்பொருள்களை நம்பி நிறுவுகிறவர்களும் உண்டு. கேம் ஆடும் பிள்ளைகளோ, ரேமை இரட்டிப்பாக்கினால் ஆட்டமும் இரு மடங்கு வேகமாகும் என்று வீட்டில் பணம் கேட்கிறார்கள்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: ரேம் காலியாக இருக்க வேண்டும், எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இந்த நம்பிக்கை தவறு. இதனால் மக்கள் தேவையில்லாத பொருளுக்குப் பணம் செலவழிக்கிறார்கள், நன்றாக ஓடும் கணினியைத் தாங்களே மெதுவாக்கிக்கொள்கிறார்கள். விளம்பரங்களும் இந்தக் குழப்பத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. ரேம் என்ன வேலை செய்கிறது என்று ஒரு முறை தெளிவாகத் தெரிந்துகொண்டால், இவற்றில் எதிலும் ஏமாற வேண்டியதில்லை.

கடையும் கிடங்கும்

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் அலமாரிகள் இருக்கின்றன. அடிக்கடி விற்கும் பருப்பு, சர்க்கரை, சோப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பக்கத்துச் சந்தில் ஒரு கிடங்கு. அங்கே மூட்டை மூட்டையாகச் சரக்கு அடுக்கியிருக்கும். கிடங்கில் எவ்வளவு இருந்தாலும் வாடிக்கையாளர் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடிவது அலமாரியில் இருப்பதைத்தான். கிடங்கிலிருந்து வர வேண்டுமென்றால் ஆள் போய்த்தான் எடுத்துவர வேண்டும்.

அலமாரிதான் ரேம். கணினி இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் தரவுகளை வைத்திருக்கும் வேகமான தற்காலிக நினைவகம் அது. கிடங்குதான் சேமிப்பகம், அதாவது ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ. படங்கள், பாட்டுகள், நிரல்கள் எல்லாம் நிரந்தரமாகக் குடியிருப்பது அங்கே. கைபேசியில் ‘இடம் இல்லை, படங்களை நீக்குங்கள்’ என்று வரும் எச்சரிக்கை கிடங்கைப் பற்றியது. அதற்கும் ரேமுக்கும் சம்பந்தமில்லை. ஆயிரம் படங்களை நீக்கினாலும் ரேமில் ஒரு துளி இடம்கூட அதிகரிக்காது.

அலமாரி காலியாகக் கிடக்கும் மளிகைக் கடையைப் பார்த்து, ‘ஆகா, எவ்வளவு நன்றாக நடத்துகிறார்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கணினிக்குள் போவோம்.

உள்ளே இருப்பது என்ன

கணினியில் நாம் பயன்படுத்தும் ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்ற இந்த அமைப்புக்கு ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டெனார்ட் 1968-இல் காப்புரிமை பெற்றார். 1970-இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சிப் 1,024 பிட்டுகளைக் கொண்டது. இன்று ஒரு சாதாரண மடிக்கணினியில் இருக்கும் 8 ஜிபி ரேமில் 6,800 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் இருக்கின்றன.

இந்த மின்தேக்கிகள் ஒழுகும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மின்னூட்டம் வடிந்து, எழுதியது அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் ஏறத்தாழ 64 மில்லிவினாடிகளுக்கு ஒரு முறை படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது: நாம் ஒரு வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள், கணினி தன் நினைவு முழுவதையும் பல முறை புதுப்பித்துவிடுகிறது. மின்சாரம் போனால் இந்தப் புதுப்பித்தலும் நிற்கும். சேமிக்காமல் வைத்திருந்த கடிதம் கரண்ட் போனதும் மாயமாவது இதனால்தான்.

இன்னொன்றும் இதிலிருந்து புரியும். ரேமில் ஒரு வரிசையில் தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் புதுப்பித்தல் நடந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே ரேமைக் காலியாக வைத்திருப்பதால் மின்சாரம் மிச்சமாவதில்லை.

இனி வேகம். பிராசஸர் ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஆகும் நேரம் சுமார் 100 நானோவினாடி. எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கச் சுமார் 100 மைக்ரோவினாடி, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் சுமார் 10 மில்லிவினாடி, லட்சம் மடங்கு. ரேமிலிருந்து எடுக்க ஒரு வினாடி ஆவதாக வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கப் பதினேழு நிமிடம் ஆகும். ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு நாளைக்கும் மேல். பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதும் அது புத்துயிர் பெற்றதுபோல் ஓடுவது இந்த வித்தியாசத்தால்தான். ரேம் கூட்டுவதைவிட இந்த ஒரு மாற்றமே பல பழைய கணினிகளுக்குப் பெரிய நன்மை செய்யும்.

சுருக்கமாக: ரேம் வேகமானது, தற்காலிகமானது. சேமிப்பகம் மெதுவானது, நிரந்தரமானது. கணினி விரைவாக ஓட வேண்டுமென்றால், வேண்டியது வேண்டிய நேரத்தில் ரேமில் இருக்க வேண்டும்.

காலி ரேம் வீணான ரேம்

வேண்டியது ரேமில் இருக்க வேண்டும் என்றால், கெட்டிக்கார இயங்குதளம் என்ன செய்யும்? சும்மா கிடக்கும் ரேமில், அடுத்து தேவைப்படக்கூடியவற்றை வைத்துக்கொள்ளும். இப்படிப் பிற்பாடு உதவும் என்று வைத்துக்கொள்ளும் நகலுக்குக் கேஷ் என்று பெயர். நீங்கள் ஒரு கோப்பைப் படித்து மூடிவிட்டாலும் அதன் நகல் ரேமிலேயே இருக்கும். அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்கூட்டியே எடுத்து வைக்கும் வசதி விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. லினக்ஸும் மேக்கும் இதே வழியில்தான் நடக்கின்றன.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு, படத் திருத்தி போன்ற ஒரு பெரிய நிரலைத் திறங்கள். எவ்வளவு நேரம் எடுத்தது என்று கவனியுங்கள். பிறகு அதை மூடிவிட்டு மறுபடி திறங்கள். இரண்டாம் முறை கண்கூடாக விரைவாகத் திறக்கும். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி என்றால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். நிரலை மூடியும் அதன் கோப்புகள் ரேமில் தங்கியிருந்ததுதான் காரணம்.

இனி விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைச் சொடுக்குங்கள். ‘இன் யூஸ்’ என்பது நிரல்களும் இயங்குதளமும் இப்போது வைத்திருப்பது. மேலே தெரியும் சதவீதம் இதைத்தான் சொல்கிறது. ‘அவைலபிள்’ என்பது கேட்டவுடன் கொடுக்கக்கூடியது. ‘கேஷ்டு’ என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அதில் பெரும்பகுதி ‘அவைலபிள்’ எண்ணுக்குள்ளேயே அடங்கியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. உதாரணமாக 8 ஜிபி கணினியில் இன் யூஸ் 5.3, அவைலபிள் 2.5, கேஷ்டு 2.4 என்று இருந்தால், உண்மையிலேயே வெற்றாகக் கிடப்பது மிகக் கொஞ்சம். ஆனால் புதிதாக ஒரு நிரல் இடம் கேட்டால், கேஷிலிருக்கும் நகலை அந்தக் கணமே எறிந்துவிட்டு 2.5 ஜிபியையும் கொடுக்க முடியும். அசல் சேமிப்பகத்தில் பத்திரமாக இருப்பதால் நகலை எறிவதில் நஷ்டமே இல்லை.

அந்த 5.3 ஜிபியைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். பல நிரல்கள் ரேம் தாராளமாக இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளும், குறைவாக இருந்தால் அடக்கி வாசிக்கும். 8 ஜிபியில் 5 ஜிபி பிடித்த அதே வேலை 16 ஜிபியில் 8 ஜிபி பிடிப்பது இயல்பு.

கிளீனர்கள் செய்யும் வேலை

இந்த இடத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கிளீனர் மென்பொருளின் பொத்தானை அழுத்தினால் 72 சதவீதம் 45 ஆகக் குறைவது உண்மைதான். ஆனால் அது எப்படிக் குறைகிறது? ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலிடமிருந்தும் அதன் தரவைப் பிடுங்கி வெளியே தள்ளச் சொல்லி இயங்குதளத்தைக் கட்டாயப்படுத்துகிறது. எண் குறைகிறது, பார்ப்பவருக்கு நிம்மதி. அடுத்த நொடி பிரவுசருக்குத் திரும்பினால் அது ஒரு கணம் உறைகிறது. பிடுங்கப்பட்டதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டுமே! சில நிமிடங்களில் எண் மறுபடி 70-ஐத் தொடும். மறுபடி பொத்தான். இதைக் கணினிப் பராமரிப்பு என்று சொல்லி விற்கிறார்கள்.

இந்த வியாபாரத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1995-இல் விண்டோஸ் 95 வந்த நேரத்தில் சின்க்ரானிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ‘சாஃப்ட்ரேம் 95’ என்ற மென்பொருளை விற்றது. நிறுவினால் ரேம் இரட்டிப்பாகும் என்பது வாக்குறுதி. அன்று ரேம் விலை மிக அதிகம் என்பதால் லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்தது. நிபுணர்கள் பிரித்துப் பார்த்தபோது, சொன்ன வேலையை அது செய்யவேயில்லை என்று தெரிந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து 1996-இல் அந்த நிறுவனத்தைப் பணியவைத்தது.

இடம் போதாமல் போகும்போது

அப்படியானால் ரேம் எவ்வளவு நிரம்பினாலும் கவலையில்லையா? இல்லை, ஓர் எல்லை உண்டு. அதைப் புரிந்துகொள்ள மெய்நிகர் நினைவகம் என்ற ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையில் இருக்கும் ரேமைவிடப் பெரிய நினைவகம் இருப்பதாக நிரல்களை நம்பவைக்கும் ஏற்பாடு அது. 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இது வந்துவிட்டது.

இது நடக்கும் விதம் எளிது. இயங்குதளம் நினைவகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு துண்டுக்குப் பக்கம் என்று பெயர், விண்டோஸில் பொதுவாக 4 கிலோபைட். ரேமில் நெருக்கடி வந்தால், நெடுநேரமாக யாரும் தொடாத பக்கங்களைத் தேர்ந்தெடுத்துச் சேமிப்பகத்தில் ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடும். விண்டோஸ் 10 முதல், அதற்கு முன்பாக அவற்றைச் சுருக்கி ரேமிலேயே வைக்கவும் முயல்கிறது. பிறகு நிரல் அந்தப் பக்கத்தைக் கேட்டால் திரும்பக் கொண்டுவரும். காலையில் திறந்து மறந்துபோன ஓர் ஆவணம் இப்படி ஒதுங்கியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

நீங்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பக்கங்கள் ரேமின் அளவைத் தாண்டும்போதுதான் சிக்கல். ஒன்றை உள்ளே கொண்டுவர இன்னொன்றை வெளியே தள்ள வேண்டும். தள்ளியது அடுத்த நொடியே தேவைப்படும். அதைக் கொண்டுவர வேறொன்றைத் தள்ள வேண்டும். கணினி வேலையை விட்டுவிட்டுப் போக்குவரத்திலேயே நேரத்தைக் கழிக்கும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், சுட்டி நகர மறுக்கும். ரேம் உண்மையிலேயே போதவில்லை என்பதற்கு இதுதான் அடையாளம். சதவீதத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

கைபேசி விளம்பரங்களில் ‘8+8 = 16 ஜிபி ரேம்’ என்று வருவதன் ரகசியமும் இதுவே. முதல் எட்டு உண்மையான ரேம். இரண்டாவது எட்டு சேமிப்பகத்திலிருந்து ஒதுக்கிய இடம். பின்னணியில் இருக்கும் செயலிகளை ஒதுக்கிவைக்க அது ஓரளவு உதவலாம். ஆனால் வேகத்தில் அது ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது. கைபேசியின் சேமிப்பகமான ஃபிளாஷ் நினைவகத்தில் எழுத எழுதத் தேய்மானமும் உண்டு. இதைப் பெரிய எழுத்தில் ‘16’ என்று போட்டு விற்பது நேர்மையில்லை. வாங்கும்போது முதல் எண்ணை மட்டும் பாருங்கள்.

இதுவரை பார்த்ததில் முக்கியமானது: கேஷால் ரேம் நிரம்புவது நல்லது. ஒரே நேரத்தில் செய்யும் வேலை ரேமுக்குள் அடங்காமல் வழிவதுதான் கெட்டது.

கைபேசியில் தள்ளி மூடும் பழக்கம்

ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் இதற்கெனவே வடிவமைக்கப்பட்டவை. நீங்கள் விலகிய செயலியை ரேமில் அப்படியே நிறுத்தி வைக்கும். இடம் தேவைப்பட்டால் தானே மூடிவிடும். நீங்கள் முந்திக்கொண்டு மூடினால், அடுத்த முறை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பிராசஸர் கூடுதலாக உழைக்கும், பேட்டரியும் செலவாகும். 2016-இல் ஒரு வாடிக்கையாளர் இதைக் கேட்டு ஆப்பிளுக்கு மின்னஞ்சல் அனுப்பியபோது, அதன் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி, தான் அப்படி மூடுவதில்லை என்றும் பேட்டரிக்கு அது தேவையில்லை என்றும் பதில் எழுதினார். உறைந்துபோன செயலியை மூடுவது வேறு விஷயம், அதைத் தாராளமாக மூடலாம்.

பிரவுசர் ஏன் இவ்வளவு விழுங்குகிறது

குரோம் ரேமைத் தின்கிறது என்ற புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. 2008-இல் குரோம் வந்ததற்கு முன்பு, ஒரு டேப் செயலிழந்தால் பெரும்பாலும் பிரவுசர் முழுவதுமே மூடிக்கொள்ளும். குரோம் டேப்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்தது. 2018-இல் பிராசஸர்களில் ‘ஸ்பெக்டர்’ என்ற பாதுகாப்புக் குறை வெளியானபின், வெவ்வேறு தளங்களை இன்னும் கறாராகப் பிரித்து வைத்தது. உங்கள் வங்கித் தளத்தை வேறொரு தளம் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகக் கொடுக்கும் விலை அந்த ரேம். அது நியாயமான விலை என்பேன்.

இன்றைய மேசைக் கணினி மென்பொருள்களில் எனக்கு உடன்பாடில்லாதது வேறொன்று. எலக்ட்ரான் என்ற கட்டமைப்பு 2013-இல் கிட்ஹப் நிறுவனத்தில் பிறந்தது. அதில் எழுதப்படும் ஒவ்வொரு மென்பொருளும் தன்னுடன் ஒரு முழு பிரவுசரைச் சுமந்துவரும். டிஸ்கார்ட், ஸ்லாக், விஷுவல் ஸ்டுடியோ கோட் மூன்றும் இப்படிப்பட்டவை. மூன்றையும் திறந்தால், நீங்கள் திறந்த பிரவுசரோடு சேர்த்து நான்கு பிரவுசர்கள் ஓடுகின்றன. எழுதுகிறவர்களுக்கு ஒரே நிரலை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடவைக்கும் வசதி. அதன் செலவோ 8 ஜிபி மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர் தலையில் விழுகிறது. வசதியான கணினிகளில் அமர்ந்து மென்பொருள் எழுதுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பயன்படுத்துகிறவர் செய்யக்கூடியது, எப்போதாவது தேவைப்படும் செயலிகளைக் கணினி தொடங்கும்போதே தாமாகத் தொடங்காதபடி நிறுத்திவைப்பது. கிளீனர்களைவிட இது எவ்வளவோ பயன் தரும்.

கேம் ஆடுகிறவர்களுக்கு

ஆட்டத்தில் ஒரு வினாடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும். ஆட்டத்துக்கு வேண்டியது முழுவதும் ரேமில் அடங்கிவிட்டால், அதற்கு மேல் சேர்க்கும் ரேம் அந்த எண்ணிக்கையை உயர்த்துவதில்லை. அடங்காவிட்டால் தெரிவது வேறு மாதிரி: ஆட்டம் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய இடத்துக்குள் நுழைந்தவுடன் சட்டென்று தடுக்கும், பிறகு மறுபடி ஓடும். சராசரி எண் நன்றாக இருந்தும் ஆட்டம் எரிச்சலூட்டினால் இதைச் சந்தேகிக்கலாம்.

தனி கிராஃபிக்ஸ் கார்டில் அதற்கென்றே ரேம் உண்டு. அதை விரேம் என்கிறார்கள். சுவர், முகம், தரை ஆகியவற்றின் மேல் போர்த்தும் படங்கள் அங்கே இருக்கும். விரேம் நிறைந்துவிட்டால், கணினியின் ரேமை எவ்வளவு கூட்டினாலும் பெரிய பலன் இல்லை. ஆட்டத்தின் அமைப்புகளில் ‘டெக்ஸ்சர்’ தரத்தை ஒரு படி குறைப்பதே மருந்து. தனி கார்டு இல்லாத மடிக்கணினியில் நிலைமை தலைகீழ். அங்கே கிராஃபிக்ஸும் பொது ரேமையே பங்கிட்டுக்கொள்வதால், ஒரே 8 ஜிபி ரேம் இருப்பதைவிட இரண்டு 4 ஜிபி ரேம்களாக இருப்பது நல்லது. இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தரவு போய்வரும் என்பதால் வேகத்தில் நல்ல வித்தியாசம் தெரியும்.

வாங்குவதற்கு முன்

2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் உலகெங்கும் ரேம் விலை வேகமாக ஏறியது. அதனால் தேவையா என்று பார்த்துவிட்டு வாங்குவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

விண்டோஸில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்ற கருவி இருக்கிறது. அதன் ‘மெமரி’ பகுதியில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ என்ற எண்ணைப் பாருங்கள். கேட்ட பக்கம் ரேமில் இல்லாமல் சேமிப்பகத்துக்குப் போக நேர்ந்த எண்ணிக்கை அது. ஒரு நிரலைத் திறக்கும்போது ஒரு கணம் எகிறுவது சகஜம். வழக்கமான வேலையின் நடுவே நெடுநேரம் நூற்றுக்கணக்கில் நின்றால் ரேம் போதவில்லை என்று பொருள். ஒரே நிரல் பிடிக்கும் ரேம் மட்டும் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போய், ஒன்றும் செய்யாதபோதும் இறங்காவிட்டால், அது நினைவகக் கசிவாக இருக்கலாம். வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்க அந்த நிரல் மறந்துவிடுகிறது. ரேம் கூட்டினால் அது தீராது, நிரலைப் புதுப்பிக்க வேண்டும்.

பழைய கணினியில் 32-பிட் விண்டோஸ் இருந்தால் கூடுதல் ரேம் வாங்குவது வீண். 32 பிட்டுகளால் குறிக்கக்கூடிய முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம், அதாவது 4 ஜிபி. அதற்கு மேல் போட்டாலும் நாம் வீட்டில் பயன்படுத்தும் 32-பிட் பதிப்புகளுக்கு அது எட்டாது.

புதிய மடிக்கணினி வாங்குவதாக இருந்தால், பிரவுசர், ஆவணங்கள், வகுப்புகள் ஆகியவற்றுக்கு 8 ஜிபியில் சமாளிக்கலாம். கேம், வீடியோ திருத்தம், நிரல் எழுதுதல் என்றால் 16 ஜிபியில் தொடங்குங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. அப்படிப்பட்ட மாடலுக்குப் பிற்பாடு சென்னை ரிச்சி தெரு முழுக்க அலைந்தாலும் ஒரு ஜிபிகூடச் சேர்க்க முடியாது. ஆகவே பணம் கட்டும் முன், கூடுதல் ரேம் போட இடம் இருக்கிறதா என்று கடையில் கேட்டு, மாடல் எண்ணை வைத்து உற்பத்தியாளரின் விவரப் பட்டியலிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.